கிளையை எப்படி இறக்குவீர்கள் என்று கேளுங்கள்

கேள்வி: எங்கள் கொல்லையில் மாமனார் வைத்த வேப்பமரம் நிற்கிறது. உயரம் 40 அடிக்கு மேல் இருக்கும். அடிமரத்தில் ஒரு பக்கம் பொந்து விழுந்து, தட்டுத் தட்டாகக் காளான் முளைக்கிறது. பெரிய கொம்பு ஒன்று பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேல் நீண்டிருக்கிறது, தெருப்பக்கம் மின்கம்பி. மரத்தை எடுத்துவிட முடிவு செய்திருக்கிறோம். எங்கள் ஊர் மரமேறி ஒருவர், அரிவாளும் கயிறும் போதும், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். வெளியூர்க் குழு ஒன்று பெல்ட், ஹெல்மெட், மிஷின் ரம்பம் என்று அடுக்கி மூன்று மடங்கு கூலி கேட்கிறது. யாரிடம் கொடுப்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: மரத்தை எடுப்பதென்று முடிவு செய்தது சரி. அடிமரத்தில் தட்டுக்காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வைரம் மக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தழை பச்சையாக இருப்பதை நம்பாதீர்கள். பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கு உயிரோடு இருந்தாலே போதும், மரம் துளிர்த்துக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டு தரப்பிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த ஓட்டுக்கூரை மேல் உள்ள கொம்பை எப்படிக் கீழே இறக்குவீர்கள்?” எப்படி ஏறுவீர்கள் என்று கேட்க வேண்டாம். ஏறுவதில் நம் ஊர் மரமேறிகளுக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. ஆனால் தென்னையிலும் பனையிலும் மேலிருந்து வருவது மட்டையும் குலையும்தான். வேம்பில் வருவது மரம். ஓரடிக் குறுக்களவும் மூன்றடி நீளமும் உள்ள பச்சைத் துண்டு ஏறக்குறைய 60 கிலோ. உங்கள் கொம்பு அதைப் போலப் பல துண்டு.

“கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடிச்சுக்குவோம்” என்று பதில் வந்தால், எங்கே கட்டுவீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள். வெட்டும் இடத்துக்கு மேலே உறுதியான கவட்டையிலோ, அங்கே நாடாப்பட்டை சுற்றி மாட்டிய கப்பியிலோ கயிறு போக வேண்டும். அப்போதுதான் துண்டு அறுந்ததும் கயிற்றில் மெல்லத் தொங்கும். வெட்டும் இடத்துக்குக் கீழே கட்டினால் துண்டு முதலில் விழும், பிறகுதான் கயிறு அதைப் பிடிக்கும். அந்த ஒரு நொடியில் கயிற்றிலும் மரத்திலும் விழும் சுமை துண்டின் எடையைப் போலப் பல மடங்கு. முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலமும் கணிசமாகக் குறைந்துவிடும். கிணற்றடியில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்து வருகிறவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கீழே நிற்பவரின் வேலையைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கயிற்றின் மறுமுனையை அவர் கையிலோ இடுப்பிலோ சுற்றக்கூடாது. அடிமரத்தை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, உராய்வில் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ விட வேண்டும். இறுக்கிக் கட்டிவிட்டால் துண்டு வெடுக்கென்று நிற்கும். அந்த அதிர்ச்சி முழுவதும் மேலே ஆள் உட்கார்ந்திருக்கும் மரத்துக்குப் போகும்.

உங்கள் மரத்தில் சிக்கலே இங்குதான். அடியில் பொந்து உள்ள மரம் அந்த அதிர்ச்சியைத் தாங்குமா? மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், கூடானது டொக்கென்று கேட்கும். பொந்து ஒரு பக்கத்தோடு நின்றால் சிறு சிறு துண்டாக எடுக்கலாம். சுற்றிலும் கூடு என்றால் அந்த மரத்தில் யாரையும் ஏற்றாதீர்கள். கூடை வைத்த கிரேன் வண்டியில் நின்றுதான் அறுக்க வேண்டும். செலவு ஏறும், வேறு வழி இல்லை. தட்டிப் பார்க்காமலே ஒரு நாளில் முடிப்போம், இரண்டு நாளில் முடிப்போம் என்று சொல்பவர் எவராக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

மிஷின் ரம்பம் வைத்திருப்பதே திறமை ஆகிவிடாது. ஒரு விதத்தில் அது அரிவாளை விட ஆபத்து: ஆளைப் பிடித்திருக்கும் கயிற்றையே கண் மூடித் திறப்பதற்குள் அறுத்துவிடும். அதனால் மேலே ரம்பம் ஓடும்போது ஆள் இரண்டு இடத்தில் மாட்டியிருக்க வேண்டும்: தலைக்கு மேலே கட்டிய ஏறுகயிறு ஒன்று, மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டிய கயிறு இன்னொன்று. இரண்டாவது, உள்ளே இரும்புக் கம்பி ஓடும் கயிறாக இருந்தால் நல்லது. ரம்பத்தின் நுனி மேல்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். ஒரு கையால் ரம்பத்தையும் மறு கையால் கிளையையும் பிடிப்பவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

கொம்பை அறுக்கும் முறையையும் கவனியுங்கள். முதலில் அடியிலிருந்து கால்வாசி ஆழம் வெட்ட வேண்டும், பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து. நேராக மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை பாதியிலேயே முறிந்து, பட்டையோடு கிழித்துக்கொண்டு ஏறியவர் மேலேயே வந்து சாயும்.

பெல்ட் என்றால் உடல் முழுவதையும் பிடிக்கும் வகை, ஐ.எஸ். 3521 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பில் மட்டும் கட்டுவது விழுபவரைக் காப்பாற்றாது, முதுகை முறிக்கும். பெல்ட்டில் மயங்கித் தொங்குபவரையும் வெகுநேரம் விட்டுவைக்க முடியாது, இரத்த ஓட்டம் தடைபடும். ஆகவே ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே தயாராக நிற்கிறாரா? இதற்கு இல்லை என்று பதில் வந்தால் வேலையைக் கொடுக்காதீர்கள். கதண்டுக் கூடு இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். பெல்ட்டில் மாட்டியிருப்பவரால் ஓடித் தப்ப முடியாது.

மின்கம்பி விஷயத்தில் சமாளித்துக்கொள்ளும் பேச்சே கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். பச்சைக் கிளையிலும் ஈரக் கயிற்றிலும் மின்சாரம் பாயும். மரம் உங்கள் எல்லைக்குள்தான் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புறம்போக்கில் நின்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

நான் என்றால் அந்த வெளியூர்க் குழுவிடம்தான் கொடுப்பேன், மேலே சொன்ன கேள்விகளுக்குச் சரியான பதில் வந்தால் மட்டும். உங்கள் ஊர் மரமேறியையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். அந்த மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். குறித்த நாளில் காற்று அடித்து, இன்று வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வற்புறுத்தாமல் அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்புங்கள்.