வலக்கால் கணக்கு

வேலூரிலிருந்து புனே நகருக்குக் குடியேறிய குடும்பம் ஒன்று வார்ஜே பகுதியில் வாழ்ந்து வந்தது. அவர்கள் வீட்டுக்கு அருகே செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாக வேலூரைத் தொட்டுச் சென்னையை அடைகிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு அது பாட்டி வீட்டுக்குப் போகும் சாலை. ஆனால் இரண்டு கோடைகளாக அவர்கள் அச்சாலையில் ஊருக்குப் போகவில்லை. வீட்டுக்கடன் ஒருபுறம், பெட்ரோல் செலவு ஒருபுறம் என்று தந்தை பயணத்தைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

தீபாவளி கழிந்த சில நாளில் தாத்தா மட்டும் இரயிலில் வந்து சேர்ந்தார். முழங்கால் வலியால் பாட்டியால் வர இயலவில்லை. தாத்தா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில், ஒரு லிட்டர் டீசலுக்கு ஒவ்வோர் ஓட்டுநரும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். அதனைக் 'கே.எம்.பி.எல்.' என்பர். பேருந்துக்கு அது ஐந்து என்னும் அளவில்தான் நிற்கும். அந்த ஐந்தில் கால் பங்கு கூடினாலும் ஓட்டுநருக்குப் பெருமை. குறைந்தால் கேள்வி வரும். பல்லாண்டு அக்கேள்விக்குப் பதில் சொன்னவர் தாத்தா.

மறுநாள் காலையில் மகளைப் பள்ளியில் விடுவதற்காகத் தந்தை காரை எடுத்தார். தாத்தா முன்னிருக்கையில் அமர்ந்தார். ஒன்பது கிலோமீட்டர் தூரமும் அவர் ஒன்றும் பேசவில்லை. பள்ளி வாயிலில் இறங்கும்போது பேத்தியிடம், "கண்ணு, வழியில் அப்பா எத்தனை முறை பிரேக் போட்டார், தெரியுமா? நாற்பத்து மூன்று முறை" என்றார். பிரேக் அழுத்தும்போதெல்லாம் உடல் முன்னே சாய்கிறது. அதைக் கொண்டே அவர் எண்ணியிருந்தார்.

"முன்னால் போகிற வண்டி நின்றால் நானும் நிறுத்தத்தானே வேண்டும், அப்பா?" என்று கேட்டார் தந்தை.

"நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நீ முன்னால் போகும் வண்டியை மட்டும் பார்க்கிறாய். அதற்கும் முன்னால் போகும் மூன்றாவது வண்டியைப் பார். அது மெதுவாகும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடு. பாதி நேரம் பிரேக்குக்கு வேலையே இராது."

ஓடும் கார் பெற்றுள்ள வேகம் முழுவதும் பெட்ரோல் எரிந்து கிடைத்தது. பிரேக்கை அழுத்தினால் அவ்வேகம் வெப்பமாக மாறிச் சக்கரத்தின் அருகே காற்றில் கலந்துவிடுகிறது. மீண்டும் வேகம் பெற மீண்டும் பெட்ரோல் எரிய வேண்டும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதனினும் குறைவு, சக்கரத்தை வந்தடைகிறது; எஞ்சியதில் பெரும்பகுதி எஞ்சின் வெப்பமாகவும் புகையாகவும் போய்விடுகிறது. இவ்வாறு அரிதாக வந்து சேரும் பங்கைத்தான் பிரேக் தின்கிறது. சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தும் அதை நோக்கி விரைந்து சென்று, கடைசி நொடியில் நிறுத்துவோரை நம் நகரங்களில் நாள்தோறும் காணலாம். அவர்கள் விரைந்து சென்று காத்திருக்கிறார்களே அன்றி, முன்னதாகப் போய்ச் சேர்வதில்லை.

அன்று முதல் பேத்தி ஒரு குறிப்பேட்டில் பிரேக் கணக்கை எழுதலானாள். இரண்டாம் வாரத்தில் எண்ணிக்கை முப்பதுக்கு வந்தது. பின்னர் இருபத்தைந்து. ஒரு நாள் நாய்க்குட்டி ஒன்று சாலையின் குறுக்கே ஓட, தந்தை சட்டெனக் காரை நிறுத்தினார். அவள் எழுதப் போனாள். "அதை எழுதாதே, கண்ணு. உயிருக்காகப் போட்ட பிரேக் கணக்கில் வராது" என்றார் தாத்தா.

பிரேக்கை மட்டும் எண்ணினால் போதாது. பெட்ரோலையும் அளக்க வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. பெட்ரோல் நிலையத்தில் குழாய் தானாக நிற்கும்வரை தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறையும் அதே போல் நிரப்பி, இடையில் ஓடிய கிலோமீட்டரை இப்போது நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். தாத்தா வந்த புதிதில் 412 கிலோமீட்டருக்கு 29.4 லிட்டர் ஆயிற்று; அதாவது லிட்டருக்கு 14 கிலோமீட்டர்.

அடுத்து, டயர்களில் காற்று குறைந்திருப்பதைத் தாத்தா கண்டார். காற்றிறங்கிய மிதிவண்டியை மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். வண்டி நெடுந்தூரம் ஓடிச் சூடாவதற்கு முன்பே அதைச் சரிபார்த்தல் நலம். காரின் பின்புறத்தில் மாதக்கணக்காகக் கிடந்த பழைய புத்தக மூட்டையும் அன்றே இறங்கியது.

நிறுத்தத்தில் எஞ்சினை அணைப்பதில் தந்தைக்கு ஐயம் இருந்தது. மீண்டும் இயக்கும்போது அதிகப் பெட்ரோல் செலவாகும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். பழைய கார்புரேட்டர் வண்டிகளின் காலத்துப் பேச்சு அது. இன்றைய சிறு கார் நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டருக்குக் குறையாமல் எரிக்கும். ஏசி ஓடினால் இன்னும் கூடும். டெல்லி அரசு 2020 அக்டோபரில், சிவப்பு விளக்கின்போது எஞ்சினை அணைக்கும்படி ஓர் இயக்கத்தையே நடத்தியது. அதன் முதல் நோக்கம் காற்று மாசைக் குறைப்பது. விளக்கில் ஓடும் எண் முப்பதுக்கு மேல் காட்டினால் அணைப்பது என்று வீட்டில் முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சிங்ககட் கோட்டைக்குச் சென்றனர். மலையிலிருந்து இறங்கும்போது, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று தந்தை கியரை நியூட்ரலுக்கு மாற்றினார். அன்றுதான் தாத்தா குரலை உயர்த்தினார். "இறக்கத்தில் கியரை விடாதே! பிரேக் சூடேறினால் பிடிக்காது."

இதில் மற்றொரு வியப்பும் உண்டு. இக்கால எஞ்சின்களில், கியர் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். எரிபொருள் செல்வது பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஆபத்தை விலைகொடுத்து வாங்கியதே அன்றி மிச்சம் ஏதும் இல்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவோரும் உளர். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாய் இறுகிவிடும். இது சிக்கனம் அன்று.

'எரிபொருள்' என்னும் சொல்லையும் இங்கே கவனிக்கலாம். எரிந்த பொருள், எரிகின்ற பொருள், எரியும் பொருள் என மூன்று காலத்துக்கும் பொருந்தி வருவதால் இது வினைத்தொகை. எரிந்த பொருள் எங்கே போகிறது? ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே. ஆனால் அது எரிந்து ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயுவாகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜன். எரியும் பொருளோ நமதன்று: நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து வருகிறது.

பிப்ரவரியில் குறிப்பேடு 428 கிலோமீட்டருக்கு 26.1 லிட்டர் என்று காட்டியது. லிட்டருக்கு 16.4. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் அவர்கள் காருக்கு இது பத்து லிட்டர் மிச்சம். பேத்தி பெருக்கிப் பார்த்தாள். "அப்பா, ஆறு மாதம் சேர்த்தால் வேலூர் போகும் அளவுக்குப் பெட்ரோல் வருகிறது!"

தந்தை குறிப்பேட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "போவதற்கு நீங்கள் சேர்த்துவிட்டீர்கள். திரும்புவதற்கு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

மே மாதம் புறப்பட்டார்கள். நெடுஞ்சாலையில் நூறில் செல்லும் வண்டிகள் அவர்களைக் கடந்து சென்றன. தந்தை எண்பதிலேயே நின்றார். வேகம் எண்பதிலிருந்து நூறானால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும் என்பதைப் பேத்தி தன் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வந்திருந்தாள். ஹூப்ளியில் இரவு தங்கி, மறுநாள் மாலை வேலூர் சேர்ந்தபோது பாட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"மெதுவாக வந்தோம்" என்றார் தாத்தா.

பயிற்சி

1. உயிருக்காகப் போட்ட பிரேக் கணக்கில் வராது என்று தாத்தா கூறியது ஏன்?

2. மலையிலிருந்து இறங்கும்போது கியரை நியூட்ரலுக்கு மாற்றுவதால் நேரும் இரு கேடுகளை எழுதுக.

3. ஒரு கார் 18 லிட்டரில் 306 கிலோமீட்டர் ஓடியது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

4. சுடுநீர், ஊறுகாய் ஆகியவற்றை 'எரிபொருள்' போல விரித்து எழுதுக.

5. உங்கள் வீட்டிலிருந்து சொந்த ஊருக்குச் செல்லும் சாலையில் வரும் ஐந்து ஊர்களின் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக.