ஓர் உலர் திராட்சை போதும்

தியானம் என்றதும் சம்மணம் போட வேண்டுமே என்று பயப்படாதீர்கள். மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியிலேயே உட்காரலாம். மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். நடுவில் கேஸ் சிலிண்டர் ஞாபகம் வந்தால், மறுபடி ஒன்றிலிருந்து. மனம் ஓடுவது தோல்வியல்ல, அதைக் கவனித்துத் திரும்புவதுதான் பயிற்சியே.

உட்காரவே பிடிக்காதவர்கள் மொட்டை மாடியில் மெல்ல நடந்து, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சியில், ஒரே ஒரு உலர் திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, நிதானமாக மென்று தின்னச் சொல்வார்கள். (பாயசத்தில் போடும் அதே திராட்சைதான்!) தியானத்தைத் தொடர்ந்து செய்தால் பலருக்குப் பதற்றம் ஓரளவு குறைகிறது. அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.