அக்கியும் அம்மையும்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். ஊரில் என் அப்பத்தாவுக்கு முதுகின் வலப்புறத்தில் எரிச்சல் எடுத்தது. புடவைத் தலைப்பு பட்டாலும் தாங்கவில்லை. மூன்றாம் நாள் முதுகிலிருந்து விலாவைச் சுற்றி மார்பு வரையில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் கிளம்பின. பார்த்தவர் அனைவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "அக்கி!" உடனே வேளார் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின்மேல் உருவம் எழுதினார். மூன்று முறை எழுதியாயிற்று. ஏறக்குறைய மூன்று வாரங்களில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. காவி வென்றது என்று வீடே மகிழ்ந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. கொப்புளம் போன இடத்தில் வலி போகவில்லை. எட்டு மாதங்கள் அப்பத்தா இரவில் சரியாக உறங்கவில்லை. இன்னொன்றும் நடந்தது. என் அக்காள் மகனுக்கு அப்போது மூன்று வயது. அப்பத்தாவின் மடியை விட்டு இறங்காதவன். அக்கி கண்ட பதினைந்தாம் நாள் அவன் உடலெங்கும் சின்னம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை கட்டினோம். "அவளுக்கு வந்தது அக்கி, இவனுக்கு வந்தது அம்மை, அது வேறு, இது வேறு" என்றார்கள் பெரியவர்கள். அறிவியல் மாணவனாகிய நானும் தலையை ஆட்டினேன்.

அது வேறு, இது வேறு அல்ல என்பதை இப்பல்கலைக்கழக நூலகத்தில்தான் அறிந்தேன். அறிந்ததை நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். சில ஊர்களில் வேனற் கொப்புளங்களையும் அக்கி என்பர். நான் கூறுவது உடலின் ஒரு புறத்தில் மட்டும் பட்டையாக எழும்பி, எரிச்சலும் வலியும் தரும் அக்கியை.

ஒரு வீட்டில் இரு நோய்

எங்கள் வீட்டில் நடந்ததை வேறொருவர் நெடுங்காலத்திற்கு முன்பே கவனித்திருக்கிறார். ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் குழந்தை மருத்துவராயிருந்த போக்காய், வீட்டிலுள்ள பெரியவருக்கு அக்கி கண்டால் சில நாட்களில் அங்குள்ள குழந்தைக்குச் சின்னம்மை காண்பதை 1892-இல் எடுத்துரைத்தார். இரண்டிற்கும் மூலம் ஒன்றாக இருக்கலாமோ என்ற ஐயத்தை எழுப்பியவர் அவர்.

1900-இல் இங்கிலாந்தில் ஹெட், கேம்பெல் என்னும் இருவர், அக்கி கண்டு பின்னர் இறந்தவர்களின் நரம்புகளை ஆராய்ந்தனர். முதுகுத்தண்டின் இருபுறமும் உணர்ச்சி நரம்புகளின் உயிரணுக்கள் முடிச்சு முடிச்சாகத் திரண்டிருக்கின்றன. தோலில் எந்தப் பட்டையில் அக்கி எழும்பியதோ, அப்பட்டைக்குரிய நரம்பு முடிச்சு புண்பட்டிருந்ததை அவர்கள் கண்டனர். அக்கி தோலில் தோன்றினாலும், தொடங்குவது நரம்பில்.

"அக்கி இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் கூடிவிட்டால் உயிருக்கு ஆபத்து" என்று எங்கள் வீட்டில் அஞ்சினார்கள். ஒவ்வொரு நரம்பு முடிச்சும் உடலின் ஒரு பாதிக்கு மட்டுமே உரியது. ஆகவே அக்கி பெரும்பாலும் நடுக்கோட்டோடு நின்றுவிடும். அது நிற்பது காவிக்கு அஞ்சியன்று. நரம்பின் எல்லை அதுவே.

1950-களில் அமெரிக்க அறிஞர் தாமஸ் வெல்லர், சின்னம்மைக் கொப்புளத்திலிருந்தும் அக்கிக் கொப்புளத்திலிருந்தும் எடுத்த வைரஸ்களை ஆய்வுக்கூடத்தில் மனித உயிரணுக்களில் வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். 1984-இல் மற்றொரு சான்றும் கிடைத்தது. ஒரே மனிதருக்கு முதலில் வந்த சின்னம்மையிலும் பின்னர் வந்த அக்கியிலும் இருந்த வைரஸின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது அவை ஒத்திருந்தன. அப்பத்தாவுக்கு வந்த அக்கி வெளியிலிருந்து புதிதாக வந்ததன்று. அவர் சிறுமியாயிருந்தபோது வந்த சின்னம்மையே, முதுமையில் விழித்துக் கொண்டது!

உறங்கும் கிருமி

இந்த வைரஸ் ஹெர்பீஸ் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. 'ஊர்ந்து செல்வது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். மனிதரைப் பற்றும் ஹெர்பீஸ் வைரஸ்கள் ஒன்பது. காய்ச்சலுக்குப் பின் உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்புவதும் அவற்றில் ஒன்று. இக்குடும்பத்தின் பொதுக் குணம், ஒருமுறை உட்புகுந்தால் உயிருள்ளவரை வெளியேறாமையே.

சின்னம்மை ஆறும்போது நாம் வைரஸை வென்றுவிட்டதாக எண்ணுகிறோம். அதற்குள் ஒரு பகுதி நரம்பு முடிச்சுகளைச் சென்றடைந்து விடுகிறது. அங்கே அது பெருகுவதில்லை. தன் மரபணுக்களில் ஏறக்குறைய அனைத்தையும் அடக்கிக் கொண்டு உறங்குகிறது. நரம்பணு பிளவுபடாமல் நம்மோடு நெடுங்காலம் வாழ்வது. ஒளிந்து கொள்ள அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு ஏது?

பல ஆண்டுகள் உறங்கியது ஏன் திடீரென விழிக்க வேண்டும்? இதற்கு விடை தேடியவர் ஹோப்-சிம்ப்சன் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவர் பெரிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் அல்லர். சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் வைத்தியம் பார்த்தவர். தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளைப் 16 ஆண்டுகள் குறித்து வைத்தார். மொத்தம் 192 பேர். வயது ஏற ஏற அக்கியும் கூடுவதைக் கண்டார். உடலின் எதிர்ப்பாற்றல் சிறிது சிறிதாகத் தேய்ந்து ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போது வைரஸ் வெளிப்படுகிறது என்று 1965-இல் எழுதினார். ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் கொண்டு இத்தகைய உண்மையை எட்டலாம் என்பது நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

காவலர் யார்?

தேய்வது எந்த ஆற்றல்? இரத்தத்தில் இரண்டு வகைப் பாதுகாப்பு உண்டு. ஒன்று எதிர்ப்பொருள், உயிரணுக்களுக்கு வெளியே திரியும் வைரஸைப் பிடித்து முடக்குவது. மற்றொன்று தைமஸ் சுரப்பியில் பயின்று வரும் 'டி' வெள்ளையணுக்கள். இவை வைரஸ் புகுந்த உயிரணுவையே அடையாளம் கண்டு அழிப்பவை. வைரஸ் புகுந்த உயிரணு, அதன் புரதத் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. அதைக் கண்டே டி அணு தாக்குகிறது.

இவ்விரண்டில் சின்னம்மை வைரஸை அடக்குவதில் பெரும்பங்கு எதற்கு? இயற்கையே இதற்கு ஒரு சோதனை வைத்தது. பிறவியிலேயே எதிர்ப்பொருள் உண்டாக்க இயலாத குழந்தைகளில் பெரும்பாலோர் சின்னம்மையிலிருந்து மற்றக் குழந்தைகளைப் போலவே மீள்கின்றனர். டி அணுக்கள் குறைபட்ட குழந்தைகளுக்கோ அது உயிருக்கே உலை வைக்கிறது. முதியவர்களிடத்தும் எதிர்ப்பொருளின் அளவு பெரிதும் குறையாதிருக்க, இவ்வைரஸை நினைவில் வைத்துள்ள டி அணுக்களின் வலிமையே குறைகிறது. புற்றுநோய்க்கு மருந்து உண்பவர்கள், மாற்று உறுப்புப் பொருத்தப் பெற்றவர்கள், எச்.ஐ.வி. தொற்று உடையவர்கள் ஆகியோரிடம் அக்கி மிகுதியாகக் காண்பதும் இதனாலேயே.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. தான் புகுந்த உயிரணு அத்துணுக்குகளை மேற்பரப்பிற்கு அனுப்பாதபடி தடுத்து, காவலரின் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறது. நம் உடலுக்குள் நாள்தோறும் நடப்பது போர் அன்று, ஓயாத காவல். காவல் தளர்ந்தால் வைரஸ் பெருகி, நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. வரும் வழியில் நரம்பையும் புண்படுத்துகிறது. தோல் ஆறினாலும் நரம்பு எளிதில் ஆறாது. அப்பத்தாவின் எட்டு மாத வேதனைக்குக் காரணம் இதுவே.

மூன்று நாள் கணக்கு

காவி எழுதிய வேளார்மீது எனக்கு வருத்தமில்லை. அன்போடு எழுதினார்; காசு கேட்கவில்லை. அக்கிக் கொப்புளம் மருந்தில்லாமலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானே ஆறும். ஆறியதன் புகழ் காவிக்குச் சென்றது, அவ்வளவே. நான் வருந்துவது இழந்த நாட்களுக்காக.

கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய அசைக்ளோவிர் என்னும் மருந்து 1980-களிலிருந்து வழக்கில் உள்ளது. எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். அம்மருந்தை முடுக்கிவிடுவது வைரஸின் நொதியே. ஆகையால் வைரஸ் உள்ள உயிரணுவில்தான் அது பெரிதும் வேலை செய்கிறது. அங்கே வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்காமல் தடுக்கிறது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்கினால் நல்ல பயன் உண்டு. புண் விரைவில் ஆறும். வலியின் கடுமை குறையும். பிந்தைய வலியை முற்றிலும் தடுத்துவிடும் என்று உறுதி கூற முடியாது. ஆயினும் அந்த மூன்று நாட்களை வீணாக்குவானேன்? நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கிலோ அக்கி கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது; பார்வைக்கே கேடு விளையக்கூடும்.

தடுப்பூசியும் உண்டு. வைரஸின் ஒரே ஒரு புரதத்தைக் கொண்டு டி அணுக்களின் நினைவைப் புதுப்பிக்கும் ஊசி அது. இரண்டு முறை போட வேண்டும். 2015-இல் வெளியான ஆய்வில், 50 வயதைக் கடந்தவர்களிடம் அக்கி வருவதை அது 97 விழுக்காடு தடுத்தது. 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது. ஆனால் விலை ஏழை எளியவர் கைக்கு எட்டுவதாக இல்லை.

நண்பர்களே! வெப்ப நாடுகளில் குழந்தைப் பருவத்தில் சின்னம்மை காணாமலே வளர்ந்தவர் பலர். நம் விடுதியிலும் அத்தகையோர் இருப்பர். வளர்ந்தவர்க்கு வரும் சின்னம்மை கடுமையானது, நுரையீரலையும் தாக்கும். நம்மவர் ஒருவருக்கு அது கண்டால் ஒதுக்கி வைப்பது கொப்புளங்கள் பொருக்காகும் வரை தேவையே. ஆனால் ஒதுக்குவது அறையைத்தான், ஆளை அன்று. முன்பே சின்னம்மை கண்டவர்கள் உணவு கொண்டு போய்க் கொடுக்கலாம்.

இன்னும் ஒன்று. இன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்: "அக்கி கண்டால் காவி எழுதிக் கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் அன்றைக்கே மருத்துவரையும் பாருங்கள். கொப்புளம் காயும் வரையில் அம்மை காணாத குழந்தையையும் கருவுற்ற பெண்ணையும் அருகில் விடாதீர்கள்." நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் சொல்ல வேண்டியவன் நான். அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று உங்களுக்குத் தெரியும்.