பழைய அமெரிக்கப் பணத்தாளை அடையாளம் காண்பது எப்படி?

அமெரிக்க மத்திய அரசு 1861ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட பணத்தாள்கள் அனைத்தும் இன்றும் முகமதிப்புக்குச் செல்லும். ஆகவே, முழுதாக இருக்கும் ஒரு டாலர் தாள் எவ்வளவு பழையதானாலும் ஒரு டாலருக்குக் கீழே போகாது. அதற்கு மேல் எவ்வளவு போகும் என்பதுதான் கேள்வி.

கப்பலில் வேலை செய்த என் தாத்தா ஏழு ஒரு டாலர் தாள்களை விட்டுச் சென்றார். அவற்றை விற்றுத் தங்கையின் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோதுதான் இத்துறையில் நான் நுழைந்தேன்.

முதலில் அளவைப் பார்க்க வேண்டும். 1929 ஜூலைக்கு முன் வெளிவந்த தாள்கள் ஏறக்குறைய 19 செ.மீ. நீளம் கொண்டவை. பின்னர் வந்தவை 15.6 செ.மீ. மட்டுமே. பெரிய தாள் கிடைத்தால், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

சிறிய தாள் என்றால் கருவூல முத்திரையின் நிறமே வகையைச் சொல்லும். பச்சை, இன்றுவரை அச்சாகும் மத்திய ரிசர்வ் வங்கித் தாள். சிவப்பு, அரசு நேரடியாக வெளியிட்டது. பொன்னிறம் பெரும்பாலும் 1928 தொடர் தங்கச் சான்றிதழ். நீலம், வெள்ளிச் சான்றிதழ்.

இந்த நீல முத்திரைத் தாள்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மலேசியத் தமிழர்களாகிய நாம் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றே சொல்லிப் பழகியவர்கள். இந்தத் தாளோ உண்மையிலேயே வெள்ளிக்கான ரசீது. கொண்டுவருபவருக்கு ஒரு டாலர் வெள்ளி தரப்படும் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். 1964இல் வெள்ளி நாணயமாகக் கொடுப்பதை நிறுத்தி உலோகமாகக் கொடுத்தார்கள். 1968 ஜூன் 24க்குப் பின் அதுவும் நின்றது. இன்று அதை நீட்டினால் சாதாரண ஒரு டாலர்தான் கிடைக்கும்.

அடுத்தது ஆண்டு. பலரும் ஏமாறுவது இங்கேதான். தாளில் உள்ளது அச்சிட்ட ஆண்டன்று. அது தொடரின் ஆண்டு. வடிவமைப்பு பெரிதாக மாறாதவரை அதே ஆண்டை வைத்துக்கொண்டு, கையெழுத்து மாறும்போது பக்கத்தில் ஓர் எழுத்தை மட்டும் சேர்ப்பார்கள். 1935ஜி தொடர் ஒரு டாலர் தாளை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது கருவூலச் செயலாளர் டக்ளஸ் டில்லனின் கையெழுத்து. அவர் பதவி ஏற்றதோ 1961இல்! தாளின் நெற்றியிலிருக்கும் 1935ஐக் காட்டி விலை பேசும் வியாபாரி, கால் நூற்றாண்டைக் கூட்டிச் சொல்கிறார்.

தாத்தாவின் ஏழும் நீல முத்திரை, 1957 தொடர். கோடிக்கணக்கில் அச்சானவை. ஒன்றில் மட்டும் வரிசை எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தது. அச்சில் பழுதான தாளுக்கு மாற்றாகச் சேர்க்கப்பட்டது என்பதே அதன் பொருள். சில தொடர்களில் நட்சத்திரத் தாள் மிக அரிது. 1957இலோ அதுவும் ஏராளம். ஏழையும் சேர்த்தாலும் கட்டணத்துக்குக் காணாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தாள்கள் மீண்டும் அலமாரிக்குள் போயின.

அதே ஒரு டாலர் வெள்ளிச் சான்றிதழில் பழுப்பு முத்திரையும் பின்புறம் பெரிதாக 'ஹவாய்' என்ற சொல்லும் இருந்தால் கதை வேறு. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின், 1942இல் ஹவாய்த் தீவுகளுக்கென்று வெளியிடப்பட்டவை அவை. ஜப்பானியர் தீவுகளைப் பிடித்தால், அங்குள்ள தாள்களை மட்டும் செல்லாது என்று அறிவித்துவிடலாம் அல்லவா? நம் தாத்தா பாட்டிகள் வாழைமரம் போட்ட ஜப்பானியத் தாளை வாங்கிச் செலவழித்த அதே காலம். வட ஆப்பிரிக்காவில் போரிட்ட படையினருக்கும் இதே காரணத்துக்காக மஞ்சள் முத்திரைத் தாள் அச்சானது.

தாளின் நிலையும் விலையைப் பெரிதும் மாற்றும். மடிப்பே இல்லாத தாளுக்கும், பணப்பையில் நைந்த அதே தாளுக்கும் விலை பல மடங்கு வேறுபடும். மடிப்பை மறைக்க இஸ்திரி போடுவது, கழுவுவது, ஒட்டுநாடா ஒட்டுவது எல்லாம் விலையைக் கெடுக்கும்.

விலை பார்க்கும்போது ராபர்ட் ஃபிரீட்பெர்க்கின் பட்டியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1953இல் முதன்முதலில் வெளிவந்த அவருடைய நூலின் எண்களையே சேகரிப்பாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அந்த எண்ணோடு, அதே நிலையிலுள்ள தாள் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள். விற்பவர் எழுதி ஒட்டியிருக்கும் விலை, அவர் ஆசைப்படும் விலை மட்டுமே.