பேசும் பெட்டிக்கு நம் பேச்சைப் பழக்குவது எப்படி?

'ஸ்மார்ட் ஸ்பீக்கர்' என்று கடைகளில் விற்கும், சொன்ன சொல்லுக்கு இயங்கும் ஒலிபெருக்கி நம்மவர் வீடுகள் பலவற்றிலும் வந்துவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள். பத்து நாள் பாட்டுக் கேட்டபின் அது அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. கருவி பழுதாவதால் அல்ல. வீட்டில் யாருக்கு அது அதிகம் தேவையோ, அவர்களுடைய மொழி அதற்குத் தெரியாது என்பதே காரணம்.

இரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று நகரியில் வசிக்கிறேன். என் தாயாருக்கு 86 வயது. பார்வை மங்கல், முழங்கால் வலி. தமிழும் தெலுங்கும் தவிர வேறு மொழி அறியார். இரவில் எழுந்து சுவிட்சைத் தேடி நடப்பதுதான் அவருக்குப் பெரிய ஆபத்து. அவர் பேச்சுக்கு விளக்கு எரிய வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் இக்கருவியை அமைத்தேன். அந்த முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

1. கருவி எப்படிக் கேட்கிறது?

இயந்திரத்துக்குப் பேச்சைப் புரியவைக்கும் முயற்சி பழையது. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் செய்த 'ஆட்ரி' என்ற இயந்திரம் பத்து இலக்கங்களை அடையாளம் கண்டது. 1962இல் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. அமேசானின் 'எக்கோ' 2014இல் அமெரிக்காவிலும் 2017இல் இந்தியாவிலும் வந்தது. இந்தியக் கருவி முதலில் ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்தது. 2019இல் இந்தி சேர்ந்தது. என்னிடமுள்ள கருவியின் மொழிப் பட்டியலில் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை.

கருவி எப்போதும் ஒரு சொல்லுக்காக மட்டும் காத்திருக்கும். அதை விழிப்புச் சொல் எனலாம். அச்சொல்லைக் கருவியே கண்டுகொள்ளும். அதற்குப் பின் நாம் பேசுவது இணையம் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குச் சென்று, எழுத்தாக மாறி, கட்டளையாகத் திரும்பும். இணையம் நின்றால் கருவி ஊமைதான்.

2. வைக்கும் இடம்

நகரியில் விசைத்தறி ஓசைக்குப் பஞ்சமில்லை. இக்கருவிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. இரு மைக்குகளுக்கு இடையே 7 செ.மீ. இருந்தால், பக்கவாட்டிலிருந்து வரும் குரல் ஒன்றைவிட மற்றதை விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக எட்டும். அந்த வித்தியாசத்தைக் கொண்டு பேசுபவர் இருக்கும் திசையைக் கருவி கணித்து, மற்றத் திசை ஓசைகளைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே தறி ஓடும் பக்கத்துச் சுவரை ஒட்டியோ, மூலையிலோ, டி.வி. அருகிலோ வைக்கக் கூடாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கட்டிலில் படுத்தவரின் குரல் நேராக எட்டும் உயரத்தில் வையுங்கள்.

மின்வெட்டு வேளையிலும் வேலை செய்ய வேண்டுமானால் கருவி, இணையப் பெட்டி, அந்த அறை விளக்கு மூன்றையும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்துவிடுங்கள்.

3. இணைத்தல்

கைபேசியில் அலெக்சா செயலியை நிறுவிக் கணக்குத் தொடங்க வேண்டும். கருவிக்கு மின்சாரம் கொடுத்ததும் ஆரஞ்சு வளையம் சுழலும். அப்போது செயலியில் வீட்டு வைஃபையைத் தேர்ந்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் இணைந்துவிடும். நீல ஒளி வந்தால் கேட்கிறது. சிவப்பு வந்தால் மைக் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். விழிப்புச் சொல்லை மாற்றலாம். 'அலெக்சா' என் தாயாரின் நாவில் வரவில்லை; 'எக்கோ' எளிதாக வந்தது. அதையே வைத்தேன்.

விளக்குக்கு ஸ்மார்ட் பல்பு போதும். சுவர் சுவிட்சை மட்டும் யாரும் அணைக்கக் கூடாது. அணைத்தால் பல்புக்குக் கட்டளை எட்டாது. மற்றச் சாதனங்களுக்கு ஸ்மார்ட் பிளக் உண்டு. 2000 வாட் கெய்சர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 6 ஆம்பியர் பிளக் ஆகாது, 16 ஆம்பியர் வேண்டும். ஆழ்குழாய் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும். அதை இந்தப் பிளக்கில் மாட்டவே வேண்டாம்.

4. நம் சொல்லைப் பழக்குதல்

இதுவே முக்கியமான பாடம். செயலியில் 'ரொட்டீன்' என்ற பகுதி உண்டு. இன்ன சொல் கேட்டால் இன்ன வேலை செய் என்று நாமே எழுதி வைக்கலாம். அங்கே 'வெளிச்சம்' என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதினேன். நான் சொன்னபோது சில முறை வேலை செய்தது. தாயார் சொன்னபோது செய்யவில்லை. ஆங்கிலம் பழகிய இயந்திரம் நம் ள, ழ ஒலிகளைத் தனக்குத் தெரிந்த சொற்களில் ஒன்றாக மாற்றி எழுதிக்கொள்கிறது.

வழி இதுதான். செயலியின் தனியுரிமைப் பகுதியில், கருவி கேட்டவை எல்லாம் எழுத்தாகப் பதிவாகியிருக்கும். தாயாரைச் சில நாட்கள் இயல்பாகச் சொல்லச் செய்து அந்தப் பதிவைப் பார்த்தேன். 'வெலி சம்' என்பது போல மூன்று விதமாக எழுதியிருந்தது. அந்த மூன்றையும் அப்படியே அதே ரொட்டீனில் சேர்த்தேன். அதன்பின் விளக்கு எரிந்தது. இயந்திரத்தின் உச்சரிப்புக்கு மனிதரைத் திருத்துவதைவிட, மனிதரின் உச்சரிப்புக்கு இயந்திரத்தைத் திருத்துவது எளிது.

கட்டளைச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பக் கூடாது. 'விளக்கைப் போடு', 'விளக்கை நிறுத்து' என்றால் தொடக்கம் ஒன்றாகிவிடுகிறது. 'வெளிச்சம்', 'தூக்கம்' என்று வைத்தால் தவறு குறையும். ஸ்டேஷன் மாஸ்டர்கள் லைன் கிளியர் தரும்போது சொன்னதைத் திருப்பிச் சொல்லி, பிரைவேட் நம்பரும் பரிமாறிக்கொள்வார்கள். அதுபோல ஒவ்வொரு ரொட்டீனிலும் கருவி ஒரு பதில் சொல்லும்படி அமையுங்கள். கட்டளை போய்ச் சேர்ந்ததா என்ற ஐயம் முதியவர்களுக்கு இராது.

5. எச்சரிக்கைகள்

2019இல், பயனாளர்களின் பதிவுகளில் ஒரு சிறு பகுதியை நிறுவனப் பணியாளர்கள் கேட்கிறார்கள் என்ற செய்தி வெளியாகி, அமேசானும் அதை ஒப்புக்கொண்டது. பதிவுகளைச் செயலியில் அவ்வப்போது அழிக்கலாம். பணம், நகை, வங்கி பற்றிப் பேசும்போது மைக்கை நிறுத்துங்கள். பொருள் வாங்கும் வசதியையும் செயலியில் முடக்கிவிடுங்கள். அவசரத்துக்கு 108ஐ அழைக்க இக்கருவியை நம்பக் கூடாது. அதற்குத் தொலைபேசியே வேண்டும். விளக்குக்குக் கை சுவிட்ச் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.

6. நாம் செய்யக்கூடியது

மேலே சொன்ன வழி ஒட்டுப் போடுவதுதான். ஐந்தாறு கட்டளைக்கு உதவும், உரையாடலுக்கு உதவாது. நிலையான தீர்வு, இயந்திரம் தமிழைத் தமிழாகவே கற்பது. அதற்குப் பலருடைய குரல் வேண்டும். இந்திய அரசு 2022இல் தொடங்கிய 'பாஷிணி' திட்டத்தின் 'பாஷா தான்' பகுதியில் யாரும் தம் குரலைத் தரலாம். மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டமும் தமிழ்க் குரல்களைச் சேர்க்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' குழு நம் அரசியலமைப்பின் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் பேச்சுத் தொகுப்பு உருவாக்கிவருகிறது.

சென்னைத் தமிழ், மதுரைத் தமிழ் பேசுவோர் குரல் எப்படியும் சேர்ந்துவிடும். தெலுங்கு கலந்து பேசும் சித்தூர், நகரி, புத்தூர்த் தமிழரின் குரலை நாம் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காவிட்டால், தமிழ் கற்ற இயந்திரத்துக்கும் நம் வீட்டுத் தமிழ் புரியாமல் போகும். சங்கக் கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கிச் சில வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தால் போதும். பெரியவர்களையும் உடன் அழைத்து வாருங்கள். அவர்கள் குரலே மிகவும் தேவை.