விழுந்த பல்லைப் பாலில் போடுங்கள்

பள்ளி மைதானத்தில் கபடி. ஒருவன் முழங்கை இடித்து இன்னொருவனின் முன்பல் வேரோடு மண்ணில் கிடக்கிறது. உடனே ஒருவர் அதைக் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார். அடுத்தவர் காகிதத்தில் மடித்துப் பையனின் சட்டைப்பையில் வைக்கிறார். “விழுந்த பல் இனி ஒட்டவா போகுது?” என்று பெரியவர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிடுகிறார்.

ஒட்டும். இதைச் சொல்லிச் சொல்லிப் பல் மருத்துவர்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வேரையும் தாடை எலும்பையும் பிணைப்பது மெல்லிய சவ்வு ஒன்று. பல் வெளியே வந்த பிறகும் வேரில் ஒட்டியுள்ள அதன் உயிரணுக்கள் கொஞ்ச நேரம் பிழைத்திருக்கும். காற்றில் உலர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலானவை மடிந்துவிடும். தேய்த்துக் கழுவினால் அழுக்கோடு அவையும் போய்விடும். தண்ணீரில் ஊறப்போட்டால் நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும். நல்லது செய்வதாக நினைத்துத்தான் இத்தனை பேரும் பல்லைக் கொல்கிறார்கள்!

செய்ய வேண்டியது எளிது. வேரைத் தொடாமல், வாயில் வெள்ளையாகத் தெரியும் பாகத்தைப் பிடித்துப் பல்லை எடுக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசினால் போதும். பையன் தெளிவாக இருந்தால் பல்லை அதே குழியில் செருகி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டுக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். கடையில் வாங்கும் பாக்கெட் பாலே போதும். சூடாக மட்டும் இருக்கக் கூடாது. 2008-இல் சென்னை ஆய்வாளர்கள் இளநீரைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். வேறு ஆய்வுகள் அதனோடு ஒத்துப்போகாததால் பாலுக்கே முதலிடம். ஒரு மணி நேரம் தாண்டினாலும் பல்லைத் தூக்கி எறிய வேண்டாம். மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

பால்பல்லுக்கு மட்டும் இது பொருந்தாது. திரும்பச் செருகினால் உள்ளே வளரும் நிலைப்பல்லுக்குக் கேடு. குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிட்டு, பல்லைப் பாட்டி சொல்வதுபோல் கூரைமேல் வீசலாம்.

மற்றவை சில்லறை வதந்திகள். சொத்தைப் பல்லில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கினால் ஈறுதான் வெந்துபோகும். கிராம்புத் தைலம் வலியை மரத்துப்போகச் செய்யும், சொத்தையை ஆற்றாது. கன்னம் வீங்கினால் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். காய்ச்சலோ, விழுங்கச் சிரமமோ சேர்ந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்பது சுத்தப் பொய். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

கிரிக்கெட்டுக்கு ஹெல்மெட் வாங்கித் தரும் பெற்றோர், கபடிக்கும் ஹாக்கிக்கும் பல்லுறை வாங்க ஏன் யோசிக்கிறார்கள்? வெந்நீரில் இளக்கிக் கடித்தால் பல்வரிசைக்கு ஏற்ப அமையும் வகை விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. பி.டி. மாஸ்டர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது: முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் பக்கத்துப் பல் மருத்துவரின் எண்ணை எழுதி ஒட்ட வேண்டும். அதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.