மோட்டார் எஞ்சினை அபாயமின்றிக் கிளப்புதல்

சென்னைப் பட்டணத்தின் வடபால் உள்ள பேசின் பிரிட்ஜில், 1999-ம் வருஷம் முதல் டீசல் எஞ்சின்களால் மின்சாரம் உற்பத்தி செய்த நிலையம் ஒன்று நடந்துவந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 மெகாவாட் சக்தியுள்ள நான்கு எஞ்சின்கள் அதில் இருந்தன. மின்வாரியத்துடன் செய்துகொண்ட 15 வருஷ ஒப்பந்தக் காலம் கழிந்து சிறிது காலத்தில் அது நின்றுபோயிற்று. அங்கே எரிக்கப்பட்டது டிராக்டருக்கு வாங்கும் டீசல் அன்று. கந்தகம் குறைந்த கனத்த எண்ணெய். சென்னையின் சாதாரண உஷ்ணத்திலேயே அது மெழுகைப்போல் இறுகிவிடும். ஆதலால் சூடேற்றி இளக்கிய பின்னரே அதனை எஞ்சினுக்குள் செலுத்த இயலும். குளிர் என்றவுடன் மலையும் பனியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் எந்த உஷ்ணம் குளிர் என்பது எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும்.

விவசாயிகள் வாங்கும் டீசல் தமிழ்நாட்டுச் சமவெளியில் உறைவதில்லை. லடாக்கின் கடுங்குளிரில் அதுவும் உறைந்து குழாயை அடைத்துவிடும்; அதன்பொருட்டே மைனஸ் 33 டிகிரி வரையில் ஓடக்கூடிய தனி டீசல் 2019-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் எஞ்சின் முரண்டு செய்வதற்குக் காரணம் வேறு. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீ மூட்டுகிறது. டீசல் எஞ்சினிலோ, பிஸ்டன் காற்றை நெருக்கும்பொழுது பிறக்கும் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. சிலிண்டர் குளிர்ந்திருந்தால் அவ்வுஷ்ணத்தை இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். மசகெண்ணெயும் கெட்டியாகி எஞ்சினின் சுழற்சியைத் தடுக்கும். பாட்டரியின் பலமோ, உறைபனிக் குளிரில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடக்கூடும். அதிக பலம் வேண்டிய வேளையில் குறைந்த பலமே கிடைக்கிறது.

குளோ பிளக் உள்ள வண்டிகளில் சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்து பிறகே ஸ்டார்ட்டரைப் போடவேண்டும். பொறுமையின்மையால் கெட்ட பாட்டரிகள் பல. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், ஒரு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி முயல்வது நலம். குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்தல் கூடாது, வெடிக்கும். எண்ணெய்த் தொட்டியின் அடியில் பந்தம் பிடித்துச் சூடேற்றும் வழக்கமும் விட்டொழிக்கத்தக்கது.

இவற்றினும் பெரிய அபாயம் குளிரைச் சார்ந்ததன்று. ஸ்டார்ட்டர் சாவி பழுதானபொழுது, சிலர் தரையில் நின்றுகொண்டு திருப்புளியால் ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் சேர்த்து டிராக்டரைக் கிளப்புகின்றனர். நியூட்ரலில் இல்லாவிட்டால் எஞ்சின் ஓடவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஸ்விட்சை இம்முறை முற்றிலும் தாண்டிவிடுகிறது. வண்டி கியரில் இருந்தால் அக்கணமே முன்னே பாயும். நிற்பவர் பெரிய பின்சக்கரத்தின் எதிரிலேயே இருப்பார். விலகுவதற்கு நேரமிராது. பத்து வருஷம் இவ்வாறே செய்து தப்பியவர் உண்டு. பதினோராம் வருஷம் யாரோ கியரில் விட்டுச்சென்றதை அவர் அறியார். ஆதலால் ஆசனத்தில் அமர்ந்து, கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பி.டி.ஓ. விலகியிருப்பதைப் பார்த்து, கிளட்சை மிதித்தே சாவியைத் திருப்ப வேண்டும். சாவி பழுதாயின் அதைச் செப்பனிடும் செலவு சொற்பமே.

கைப்பிடியால் சுழற்றும் எஞ்சின்கள் கிணற்றடிகளில் இன்னும் உண்டு. முற்காலத்து மோட்டார் கார்களும் இவ்வகையே. எஞ்சின் எதிர்த்து உதைக்கும்பொழுது கைப்பிடி திரும்பி அடித்துக் கையெலும்பை முறித்துவிடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் வருஷத்துக் காடிலாக் வண்டிகளில் வந்தபிறகே கார் ஓட்டுவோருக்கு இத்தொல்லை நீங்கத் தொடங்கியது. கிணற்று எஞ்சினில் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்து, எஞ்சின் நன்கு வேகம் பிடித்தபின் அதைக் கீழே விடவேண்டும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைக்கவேண்டும். மேல்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை இறுக மடித்துக் கட்டிக்கொள்வதும் அவசியம். பறக்கும் துணியைச் சக்கரம் பற்றிக்கொள்ளும்.

எஞ்சின் கிளம்பியவுடன் எண்ணெய் அழுத்த விளக்கு அணைகிறதா என்று பார்க்கவேண்டும். அணையாவிடில் உடனே நிறுத்திவிடுக. குளிரில் மசகெண்ணெய் எல்லா இடங்களுக்கும் பரவச் சிறிது நேரமாகும். அதற்குள் முடுக்கினால் தேய்மானம் மிகும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினைச் சூடேறவிடுதல் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்தபின் எழுந்து கதவைத் திறக்கவும் வலுவிராது. குளிர் வாட்டினும் கதவுகளை அகலத் திறந்துவைத்தே கிளப்பி, உடனே வண்டியை வெளியே கொண்டுவந்து களத்துமேட்டில் நிறுத்திச் சூடேறவிட வேண்டும்.